‘எனக்கு ஒரு வருத்தமும் இல்லை’ என்கிற அம்மா நோயாளியா, சுகதேகியா?

தாதியியல் முதலாம் வருடம் படிக்கும் ஒரு பிள்ளை கேட்டிருந்தது இதுதான். மனிதன், சுகாதாரம், நோய் என்ற கருத்துகளுக்கு வரைவிலக்கணம் எழுதச் சொல்கிறார்கள், பாடமாக்கியும் விட்டேன், ஆனால் வாட்டில் போய் நின்றால் இவை எதற்கு உதவும்? கூடவே இன்னொன்று. பத்து வருடமாகச் சீனி வருத்தம் உள்ள அம்மா, “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை” என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு ஒழுங்காகப் போவதில்லையாம், ஆனால் விரதம் ஒன்றையும் விடுவதில்லையாம். படித்த வரைவிலக்கணத்தின்படி அம்மா நோயாளியா, சுகதேகியா என்று கேட்டிருந்தார்.

இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. ஒருவருக்கு வருத்தம் இருக்கிறதா என்பதை யார் சொல்வது, இரத்தப் பரிசோதனைத் துண்டா, அந்த ஆளா? இதற்கு மனதில் ஒரு விடை இல்லாமல் எந்தத் தாதியும் வேலை செய்வதில்லை. விடை இருப்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது, அவ்வளவுதான். நான் யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தவள். கூடுதலான காலம் சத்திரசிகிச்சை வாட்டிலும் மருத்துவ வாட்டிலும், கடைசி வருடங்களில் மாணவிகளுக்குப் படிப்பித்தும். டொக்டர் அல்ல. ஆகையால் அம்மாவின் குளிசை அளவு பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். மற்றதைச் சொல்கிறேன்.

சோதனைக்குத் தேவையானதை முதலில் முடித்துவிடுவோம். தாதியியலின் அடிப்படைக் கருத்துகள் நான்கு: மனிதர், சூழல், சுகாதாரம், தாதிமை (தாதி செய்கிற பராமரிப்பு). அமெரிக்கத் தாதியியல் அறிஞர் ஜாக்குலின் ஃபோசெட் 1970களின் கடைசியிலும் 1980களிலும் இந்த நான்கையும் ஒரு சட்டகமாகத் தொகுத்தார். முதலில் ‘ஆள்’ என்று ஒருமையில் வைத்ததைப் பின்னர் ‘மனிதர்கள்’ என்று மாற்றி, குடும்பத்தையும் சமூகத்தையும் அதற்குள் கொண்டுவந்தார். உங்கள் பாடத்தில் சூழலும் தாதிமையும் வேறு அத்தியாயத்துக்குப் போயிருக்கலாம், ஆனால் அவற்றை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் விளக்க முடியாது. எழுதும்போது ஒரு வரியாவது அவற்றுக்கு ஒதுக்குங்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். வரைவிலக்கணத்தை எங்கோ தேட வேண்டியதில்லை, நாங்கள் பேசுகிற தமிழிலேயே பாதி கிடக்கிறது. தமிழ்நாட்டுக்காரர் ‘வருத்தம்’ என்றால் கவலை என்று விளங்கிக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் ‘அவருக்கு வருத்தம்’ என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நோயைக் குறிக்க நாங்கள் எடுத்துக்கொண்ட சொல்லே, அந்த ஆள் படுகிற பாட்டைக் குறிக்கிற சொல். ‘நோய்’ என்பதும் தொடக்கத்தில் அப்படித்தான். ‘கால் நோகுது’, ‘வயித்து நோ’ என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அதே நோதான். வைத்தியப் புத்தகங்கள் வந்த பிறகு ‘நோய்’ கிருமியோடும் உறுப்போடும் அறிக்கையோடும் போய்ச் சேர்ந்துவிட்டது, ‘வருத்தம்’ ஆளோடு நின்றுவிட்டது. ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க உளமருத்துவர், மானிடவியலும் படித்தவர், வைத்தியர் உடம்பில் கண்டுபிடிப்பது ஒன்று, நோயாளி அனுபவிப்பது இன்னொன்று என்று பிரித்துக் காட்டியதை இன்று உலகமெங்கும் படிப்பிக்கிறார்கள். நான் வகுப்பில் அதைச் சொல்லும்போது ‘நோய் வேறு, வருத்தம் வேறு’ என்று ஒரு வரியில் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். (மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டொக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழில் படிப்பித்தவர். தமிழில் இதையெல்லாம் சொல்ல வராது என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.)

இந்தப் பிரிவு உறுதியானது என்று துணிந்து சொல்வேன். நோய் இருந்தும் வருத்தம் இல்லாமல் இருக்கலாம். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வருடக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்கும். வருத்தம் இருந்தும் எந்தப் பரிசோதனையிலும் நோய் அகப்படாமலும் இருக்கலாம். நெஞ்செரிவு, தலையிடி, உடம்பெல்லாம் உளைவு என்று வருகிற எத்தனையோ பேருக்கு ஈசிஜியும் இரத்தமும் சரியாக இருக்கும். “ஒன்றுமில்லை, போங்கோ” என்று அவர்களை அனுப்புகிறவர் நோயை மட்டும் பார்க்கிறார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டிலிருக்கும் அம்மா வருத்தத்தை மட்டும் பார்க்கிறார். பாதியை மட்டும் பார்க்கிற விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்றுதான்.

இதை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, ஒரு பிழை விட்டு. வேலைக்கு வந்த மூன்றாவதோ நாலாவதோ வருடம். காலில் புண்ணோடு ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வாட்டில் இருந்தார், அறுபது வயது இருக்கும், சலரோகம், அதாவது சீனி வருத்தம். நான் மருந்து கட்டப் போகிற ஒவ்வொரு காலையும் ஒரே கேள்வி: “மிஸ்ஸி, எப்ப துண்டு வெட்டுவியள்?” வீட்டுக்கு அனுப்புகிற துண்டைத்தான் கேட்டார். புண் ஆறவில்லை, போக முடியாது என்று நானும் ஒரே பதிலைச் சொல்வேன். ஐந்தாம் நாள் தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று அவருடைய டிக்கெட்டில், அதாவது வாட்டுக் குறிப்பேட்டில், அழகான எழுத்தில் எழுதினேன். மூன்று கிழமையில் திரும்பி வந்தார், இரண்டு விரல் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், அதுவும் பக்கத்துக் கட்டில்காரர் சொல்லித்தான், விஷயம் தெரிந்தது. தோட்டத்தில் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை. மகன் வெளிநாட்டில். அந்தப் போகம் போனால் வாங்கிய கடன் தலையில். “புண் எப்பிடியும் ஆறும் மிஸ்ஸி, கண்டு காஞ்சால் பிறகு வருமே?” என்று என்னிடம் கேட்டார். நான் ஐந்து நாளும் அவருடைய காலைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. ஒருமுறை “ஏன் அவசரப்படுறியள் ஐயா?” என்று கேட்டிருந்தால், அயலில் ஒருவரைப் பிடித்து ஒழுங்கு செய்ய ஒரு வழி பார்த்திருக்கலாம். விரல் தப்பியிருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், புண் முதலிலேயே ஆழமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மனிதன் என்ற கருத்து வாட்டில் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். மனிதன் என்றால் உறுப்புகளின் கூட்டு என்று மனதில் இருந்தால் நீங்கள் கேட்கும் கேள்விகள் ஒரு மாதிரி இருக்கும். அமெரிக்கத் தாதியியல் அறிஞர் வேர்ஜினியா ஹென்டர்சன் மனிதரின் அடிப்படைத் தேவைகள் என்று பதினான்கைச் சொன்னார். மூச்சு விடுவது, உண்பது, கழிப்பது, அசைவது, உறங்குவது என்று தொடங்கி, பதினோராவதாகத் தன் நம்பிக்கைப்படி வழிபடுவது, பன்னிரண்டாவதாக எதையோ செய்து முடித்தோம் என்ற நிறைவைத் தரும் வேலை. தோட்டக்காரர் ஐயாவின் பன்னிரண்டாவது தேவை என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பட்டியலைப் பாடமாக்குவதைவிட, பொறுப்பில் உள்ள ஒரு நோயாளியை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். எட்டாவதைத் தாண்டும்போது, இவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று விளங்கும்.

இன்னொரு அமெரிக்கத் தாதியியல் அறிஞர் டொரதியா ஓரெம் சொன்னது வேறு கோணம். மனிதர் தன்னைத் தானே பராமரிக்கக் கூடியவர், அதில் எந்த அளவு குறைகிறதோ அந்த அளவுக்குத்தான் தாதி உள்ளே வர வேண்டும். முழுதாகச் செய்துகொடுப்பது, பாதி செய்துகொடுப்பது, சொல்லிக்கொடுத்துத் துணை நிற்பது என்று மூன்று நிலை. இது எங்கள் ஊருக்கு நல்ல மருந்து, ஆனால் கசக்கும். பாரிசவாதம் வந்த தகப்பனுக்கு இடக்கைதான் விழுந்திருக்கும், வலக்கை நன்றாக வேலை செய்யும். மகள் பக்கத்தில் இருந்து இடியப்பத்தைச் சொதியில் குழைத்து ஊட்டிக்கொண்டிருப்பாள். “அப்பா தானே சாப்பிடட்டும்” என்று நான் சொன்னால் என்னைக் கல்நெஞ்சுக்காரி போல் பார்ப்பாள். பாசம்தான், பிழை சொல்ல வரவில்லை. ஆனால் செய்யக்கூடியதைச் செய்யவிடாமல் வைத்தால் ஆள் எழும்புவது பிந்தும். அதே நேரம் ஓரெம் நினைத்த மனிதர் கொஞ்சம் தனியாளாகத் தெரிகிறார். இங்கே தகப்பன் தானாகச் சாப்பிடுவது அவர் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை, மகளும் சம்மதிக்க வேண்டும், சுவிஸில் இருக்கிற மகனும் போனில் ஒன்று சொல்வார். ஆகவே நான் சொல்லிக்கொடுப்பது மகளுக்கும் சேர்த்துத்தான். எங்கள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போருக்குப் பின்னான இந்த மண்ணைப் பற்றி ‘கூட்டு மனவடு’ என்று எழுதினார். தனி ஆளின் மனம் மட்டும் காயப்படவில்லை, குடும்பமும் ஊரும் ஒன்றையொன்று நம்புவதே காயப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். ஃபோசெட் ஒருமையைப் பன்மையாக்கியது ஏன் என்று எனக்கு இங்கே இருந்துதான் விளங்கியது.

சுகாதாரத்துக்கு வருவோம். உலக சுகாதார அமைப்பின் வரைவிலக்கணம் உங்களுக்குத் தெரியும். 1946இல் எழுதி 1948 ஏப்ரல் 7 முதல் நடைமுறைக்கு வந்தது: நோயோ பலவீனமோ இல்லாதிருப்பது மட்டும் சுகாதாரம் ஆகாது, உடல், உள, சமூக ரீதியான முழுமையான நல்ல நிலையே சுகாதாரம். அந்தக் காலத்துக்கு அது பெரிய பாய்ச்சல். எங்கள் ‘ஆரோக்கியம்’ என்ற சொல்லே ரோகம் இல்லாதிருப்பது என்றுதான் பொருள்படும், அதைத் தாண்டிப் போகச் சொன்னது இது. ‘சுகாதாரம்’ என்பதில் சுகத்துக்கு ஆதாரம் என்ற அர்த்தம் ஒளிந்திருப்பதால் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கும், குப்பை அள்ளுவதற்கும் அதையே பாவித்துத் தேய்த்துவிட்டோம் என்பது வேறு விஷயம். என் பிணக்கு ‘முழுமையான’ என்ற சொல்லோடுதான். மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். ஜெய்ப்பூர் கால் போட்டுச் சைக்கிள் ஓடி, கடை நடத்தி, இரண்டு பிள்ளையைப் படிப்பித்து விட்டார். மாரி காலத்தில் இல்லாத காலில் நோ வரும், இரவில் எழுந்து இருப்பார். “எப்பிடிச் சுகம்?” என்று கேட்டால் “நல்ல சுகம்” என்பார், பொய்யில்லை. 1948இன் கணக்கில் அவர் சாகும்வரை சுகதேகி ஆக முடியாது. 2011இல் நெதர்லாந்தின் மக்டெல்ட் ஹியூபரும் வேறு சிலரும் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் இதைத்தான் கேட்டார்கள். உடல், மன, சமூகச் சவால்கள் வரும்போது அவற்றுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு, தன்னைத் தானே கொண்டு நடத்தும் திறன்தான் சுகாதாரம் என்று பார்க்கலாமே என்றார்கள். நீண்ட கால நோய்களோடு வாழ்கிற வயதானவர்கள் கூடிய இந்தக் காலத்துக்கு அது பொருந்துகிறது. அதிலும் ஒரு ஆபத்து உண்டு. ‘சமாளிக்கத் தெரிய வேண்டும்’ என்று சொல்லி, சமாளிக்க முடியாதவர் மேலேயே பழியைப் போட்டுவிடலாம். கிணற்றுக்குப் பக்கத்தில் மலசலகூடக் குழி இருந்தால், இந்தச் சுண்ணக்கல் நிலத்தில் அழுக்கு சுலபமாகத் தண்ணீருக்கு இறங்கும். அங்கே வயிற்றோட்டத்தைச் சமாளிக்கிற திறனைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சுத்தமான காற்று, சுத்தமான தண்ணீர், வடிகால், துப்புரவு, வெளிச்சம் என்று ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் வீட்டுக்கு வைத்த ஐந்து நிபந்தனைகளும் பழசாகவில்லை. கிருமிக் கொள்கையை அவர் சுலபத்தில் ஏற்கவில்லை என்பதும் உண்மைதான், பெரியவர்களும் பிழைவிடுவார்கள்.

நோயைப் பற்றி அதே நைட்டிங்கேல் சொன்னது ஒன்று: எந்த நோயும் ஏதோ ஒரு கட்டத்தில் உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ளும் முயற்சிதான், அதற்குத் தடையாக இருப்பதை அகற்றுவதே தாதியின் வேலை. எல்லா நோய்க்கும் இது சரிவராது, புற்றுநோயிடம் இதைச் சொல்ல முடியாது. ஆனால் கொப்பளிப்பானுக்கு (சின்னம்மைக்கு) நன்றாகப் பொருந்தும், அதுவும் எங்கள் ஊரில் அதற்கு ‘அம்மாள் வருத்தம்’ என்று பெயர். அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி, மச்சம் மாமிசம் விலக்கி, ஆளைத் தனி அறையில் விட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பார்கள். மடலின் லெய்னிங்கர் என்ற தாதி பண்பாட்டைப் பற்றிச் சொன்னதைப் படித்திருப்பீர்கள்: காக்க வேண்டியதைக் காப்பது, பேசி இணங்க வேண்டியதில் இணங்குவது, மாற்ற வேண்டியதை மாற்றுவது. அம்மாள் வருத்தத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். வேப்பிலை இருக்கட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. தனி அறை அருமையான விஷயம், மற்றவருக்குத் தொற்றாமல் இருக்க நானும் அதைத்தான் சொல்வேன். சாப்பாட்டைக் குறைப்பதிலும் குளிக்காமல் வைப்பதிலும் பேச வேண்டும்: நீராகாரம் நிறையக் கொடுங்கள், உடம்பைத் துப்புரவாக வையுங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஆனால் கர்ப்பிணிக்கோ பச்சைக் குழந்தைக்கோ வந்தால், வளர்ந்த ஒருவருக்கு மூச்சு இழுத்தால், வீட்டில் வைத்திருக்கவே கூடாது. பெரியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நுரையீரல் வரை போய் உயிராபத்தாகலாம். இவ்வளவையும் “அம்மாளாச்சி கோவிக்க மாட்டா” என்று தொடங்கிச் சொன்னால் கேட்பார்கள், “மூடநம்பிக்கை” என்று தொடங்கினால் கதவு மூடிவிடும்.

இனி எனக்குச் சந்தேகமான இடங்கள். இந்தப் பெரிய கொள்கைகளில் ஒன்றைப் பின்பற்றுவதால் மட்டும் நோயாளி சீக்கிரம் குணமாவார் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் பலமாக இல்லை. ஒரு முறையான மருந்துப் பரிசோதனை போல அளந்து பார்க்கக் கூடியவை அல்ல இவை. மனிதரைச் சக்திப்புலம் என்று சொல்லும் மார்த்தா ரொஜர்ஸின் கொள்கையைச் சிலர் மிகவும் மதிக்கிறார்கள். எனக்கு அதை வாட்டில் என்ன செய்வது என்று கடைசிவரை விளங்கவில்லை, பிடிபடாத இடத்தில் பிடித்ததாகக் காட்ட விருப்பமும் இல்லை. சோதனையில் கேட்டால் எழுதுங்கள். கொள்கை ஒரு கண்ணாடி, ஒன்றைப் போட்டால் ஒன்று தெரியும். பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய குறள் ஒன்று இருக்கிறது, ‘உற்றான் அளவும் பிணியளவும் காலமும்’ என்று. நோயாளியின் அளவு வேறு, நோயின் அளவு வேறு என்று தனித்தனியாக எண்ணியிருக்கிறார், முதலில் வைத்தது ஆளை. அதற்கு மேல் எனக்கு ஒரு கொள்கை தேவைப்பட்ட நாட்கள் குறைவு.

சரி, அம்மா. அவருக்கு நோய் இருக்கிறது, வருத்தம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. அதனால் “நீங்கள் நோயாளி” என்று அவரோடு வாதாட வேண்டாம், தோற்பீர்கள். வருத்தக்காரி என்ற பெயர் விழுந்தால் சமையலறையும் கோயிலும் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம் பல அம்மாமாருக்கு உண்டு. உங்கள் அம்மாவுக்கும் அப்படியா என்று நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கேட்டுவிட்டு, இப்போதிருக்கிற சுகத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கிளினிக் என்று சொல்லிப் பாருங்கள். கூடின சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் நோவில்லாமலே கெடுக்கும், நோ வரும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணையும் காலையும் சிறுநீரையும் பார்ப்பிக்கச் சொல்லுங்கள்.

விரதத்தை விடச் சொல்லாதீர்கள், ஆனால் விரதத்துக்கு முன் கிளினிக்கில் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சில வகைக் குளிசை எடுக்கிறவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சீனி விழுந்துவிடும். மருந்தை எப்படி மாற்றுவது, எந்த விரதம் சரிவரும் என்பதை டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், அம்மாவும் நீங்களும் அல்ல. வியர்த்து, கை நடுங்கி, நெஞ்சு படபடத்தால் அது பக்தி இல்லை, உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும், கந்தசஷ்டியின் ஆறாம் நாளாக இருந்தாலும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு இருபத்தைந்து நாளும் போகிறவர் என்றால், மத்தியான வெயிலில் சுடுமணலில் வெறுங்காலோடு நடப்பதுதான் எனக்குப் பயம். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் போட்டதே தெரியாது. விடியற்காலைப் பூசைக்குப் போகட்டும், வெளிவீதி வரை செருப்போடு போகட்டும். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலை ஒருமுறை பார்க்க வேண்டும். அவருக்குக் குனிய முடியாவிட்டால் நீங்கள் பாருங்கள். தாதியியல் படிக்கிற மகள் காலைத் தொட்டுப் பார்ப்பதை எந்த அம்மாவும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நகத்தைச் சுற்றிச் சிவந்திருந்தால் கத்தி வைத்துக் கிண்ட வேண்டாம், அடுத்த நாளே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.